8.30 வேலைக்கு ஒவ்வொரு நாளும் 8.40: எந்த இடத்தில பிழைக்குது?

வடலிநிழல் (கேள்வி):

வணக்கம். யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு அரச அலுவலகத்தில முகாமைத்துவ உதவியாளர். வேலை 8.30க்கு. வீடு சுன்னாகம், போறது ஸ்கூட்டியில. கிழமையில மூண்டு நாலு நாள் 8.38, 8.40, 8.45 எண்டுதான் வரவு பதியிற மெசினில விரல் விழுது. ஒரு மணித்தியாலம் பிந்தினால் ஏதாவது காரணம் சொல்லலாம். இந்தப் பத்து நிமிசத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?

விடியக்காலமை ஒழுங்கு இதுதான்: 5.30க்கு அலாரம், 5.50க்கு எழும்புறது. சமையல், பிள்ளையை வெளிக்கிடுத்திறது. 7.15க்கு மகளை ஏத்திக்கொண்டு போய் சுன்னாகத்திலயே பள்ளிக்கூடத்தில விட்டிட்டு 7.30க்குத் திரும்ப வீடு. சாப்பிட்டு, சீலை உடுத்து, 8 மணிக்கு வெளிக்கிடுவன். 20 நிமிச ஓட்டம். கணக்குப்படி 8.20க்கு அங்க நிக்கோணும். நிக்கிறேல்லை.

போன மாசம் அலாரத்தை 5 மணிக்கு மாத்தினன். முந்தி எழும்பியும் அதே 8.40. வீட்டு மணிக்கூட்டைப் பத்து நிமிசம் முன்னுக்கு வச்சும் பாத்தாச்சு. படுக்கிறது 11.30. "நேர முகாமைத்துவம்" எண்டு பொதுவாச் சொல்லாமல் எங்க ஓட்டை எண்டு சொல்லுங்கோ.

பனங்கூடல்:

அலாரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ. எழும்பி நடந்து போய் நிப்பாட்டிற தூரத்தில வையுங்கோ. 20 நிமிசம் மிஞ்சும்.

மணிக்கூட்டுக்கோபுரம்:

பனங்கூடல், இஞ்ச அலாரம் பிரச்சினையே இல்லை. 5.50க்கு எழும்பினாலும் 8.40, 5.00க்கு எழும்பினாலும் 8.40 எண்டு அவவே எழுதியிருக்கிறா. முன்னால கூட்டின நேரத்தைப் பின்னால ஏதோ ஒண்டு குடிக்குது. அது 7.30க்கும் 8.10க்கும் இடையில கிடக்கு.

தங்கச்சி, எங்கட தமிழில "வெளிக்கிடுறது" எண்டால் உடுப்பு மாத்திறதும் அதுதான், வீட்டை விட்டுப் போறதும் அதுதான். "எட்டு மணிக்கு வெளிக்கிடுவன்" எண்டு நீங்கள் எழுதேக்க எந்த வெளிக்கிடுறது? கண்ணாடிக்கு முன்னால நிண்டுகொண்டு எட்டு மணியைப் பாத்தாலும் மனம் "நேரத்துக்கு வெளிக்கிட்டாச்சு" எண்டுதான் பதியும். ஆனபடியால் அந்தச் சொல்லை விட்டிடுங்கோ. ஸ்கூட்டியின்ர முன்சில்லு படலையைத் தாண்டுற நிமிசத்தைப் பாருங்கோ. அதுதான் புறப்பட்ட நேரம். அதுக்கு முந்தினது எல்லாம் வீட்டு வேலை.

இப்ப எட்டு மணிக்குப் பிறகு என்ன நடக்குது? காஸ் பூட்டினதோ எண்டு பாக்கிறது, ஜன்னல், கைப்பை, ஸ்கூட்டித் திறப்பு, ஹெல்மெற், விறாந்தையால வண்டியை இறக்கிறது, படலை திறந்து மூடுறது. ஒவ்வொண்டும் ஒரு நிமிசம்தான், கூட்டினால் ஏழு. மற்றப் பக்கம்: வண்டி விட இடம் பிடிக்கிறது, ஹெல்மெற் கழட்டுறது, நடை, மெசினுக்கு முன்னால நாலு பேர். அது ஆறு. ஓட்டமும் 20 இல்லை. 20 எண்டது பள்ளிக்கூட லீவு நாளில, மழையில்லாமல், காங்கேசன்துறை வீதி வெறிச்சோடிக் கிடக்கேக்க ஓடின நேரம். வேலை நாளில எட்டு மணிக்குப் பிறகு சுன்னாகத்தில இருந்து பத்துக் கிலோமீற்றர் ஓடி ரவுணுக்குள்ள நுழைய 27 எண்டு போடுங்கோ. 8.00 + 7 + 27 + 6. எவ்வளவு வருது? 8.40. நீங்கள் ஒரு நாளும் பிந்தேல்லை, உங்கட கணக்கின்படி சரியா 8.40க்கு வந்துகொண்டிருக்கிறீங்கள்.

எல்லா மனிசருக்கும் உள்ள குணம்தான் இது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு யோசிக்கேக்க, எல்லாம் சரியாப் போற நாளைத்தான் மனம் படம் பிடிக்கும். முந்தி எத்தினை தரம் சுணங்கினது எண்ட பதிவைத் திருப்பிப் பாக்காது. டானியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி எண்ட ரெண்டு உளவியலாளர் 1979இல இதுக்கு ஒரு பெயரே வச்சு எழுதினவை. மருந்தும் அதுக்குள்ளயே இருக்கு: மனக்கணக்கை விட்டிட்டுப் பதிவைப் பாக்கிறது.

செய்யிற முறை. பத்து வேலை நாளுக்கு ஒரு கொப்பியில மூண்டு நேரம் மட்டும் எழுதுங்கோ: படலை தாண்டினது, அலுவலக வளவுக்குள்ள நுழைஞ்சது, விரல் வச்சது. திருத்தம் ஒண்டும் செய்யாதேங்கோ, வழமை போலப் போங்கோ. பிறகு ஓட்ட நேரத்தைச் சின்னனில இருந்து பெரிசுக்கு அடுக்குங்கோ. உதாரணத்துக்கு இப்பிடி வரும்: 24, 25, 25, 26, 27, 28, 29, 31, 34, 47.

இதில சராசரி ஏறக்குறைய 30. கன பேர் சராசரியை எடுத்துத்தான் திட்டம் போடுவினம். அப்பிடிப் போட்டால் 31, 34, 47 எண்டு பத்தில மூண்டு நாள் பிந்தும்; கிழமைக்கு ஒண்டு ரெண்டு நாள் வரவுப் பதிவில சிவப்புக் கோடு. சராசரியை விட்டு ஒன்பதாவது எண்ணை எடுங்கோ: 34. கடைசி 47 எண்டது சில்லுக் காத்துப் போன நாள், கொட்டு மழை நாள். அந்த நாளுக்குத் திட்டம் போட ஏலாது, போன்தான் எடுக்கோணும்.

இனிப் பின்னுக்கு இருந்து கழியுங்கோ. விரல் விழவேண்டியது 8.25 (அந்த அஞ்சு நிமிசம் மெசினுக்கு, உங்களுக்கில்லை). நடை, வரிசை 6 போக 8.19. ஓட்டம் 34 போக 7.45. படலை 7.45. ஆனால் பள்ளிக்கூடத்தால திரும்பி நீங்கள் வீட்டுக்குள்ள கால் வைக்கிறதே 7.30. பதினஞ்சு நிமிசத்தில சாப்பிட்டு, சீலை உடுத்து, வீடு பூட்டி, ஒருத்தராலயும் ஏலாது. அதால எழும்புற நேரத்தை எவ்வளவு முன்னுக்குத் தள்ளினாலும் 7.30க்குப் பிறகு உள்ள இறுக்கம் அப்பிடியே கிடக்கும். ஆறு மணியில மிஞ்சின அரை மணித்தியாலம் ஆறு மணி வேலையிலயே கரைஞ்சு போகும்.

என்ர முடிவு: வீட்டுக்குத் திரும்பாதேங்கோ. சீலை உடுத்து, சாப்பாட்டுப் பெட்டியோட, வீடு பூட்டி 7.15க்கு ஒரே தரம் படலை தாண்டுங்கோ. 7.25க்குப் பள்ளிக்கூட வாசலால நேர ரவுணுக்கு. 34 நிமிசம் எடுத்தாலும் 7.59க்கு வளவுக்குள்ள. காலமைச் சாப்பாடு அங்க. திங்கக்கிழமை ராகுகாலம் 7.30இல இருந்து 9.00 வரை, அதைப் பாக்கிற வீடெண்டால் இதில இன்னொரு வசதியும் இருக்கு.

மணிக்கூட்டை முன்னுக்கு வைக்கிறது ஏன் வேலை செய்யாது எண்டால், வச்ச ஆளுக்குத் தெரியும் அது பத்து நிமிசம் முன்னுக்கு எண்டு. ஒரு கிழமைக்குள்ள மனம் தானாக் கழிக்கப் பழகியிடும். சில நாள் பதினஞ்சு எண்டு கழிக்கும், அது இன்னும் மோசம். எல்லா மணிக்கூட்டையும் போனோட சரிபண்ணி விடுங்கோ.

கிணத்தடி:

மணிக்கூட்டு அண்ணை கணக்குச் சரியாச் சொல்லிப்போட்டார். ஆனால் 7.15க்குச் சீலையோட படலை தாண்டோணும் எண்டால் அடுப்பு 6.30க்கு அணையோணும், அதைச் சொல்லேல்லை. அதுக்கு இரவிலயே பாதி வேலை முடியோணும்.

தேங்காய் இரவு திருவி மூடிப் பெட்டியில போட்டு ஃபிரிட்ஜில வையுங்கோ, விடிய புட்டுக்கும் சம்பலுக்கும் அது காணும். மரக்கறி வெட்டி வையுங்கோ. கத்தரிக்காய் மட்டும் வெட்டி வைக்காதேங்கோ, கறுக்கும். வேலை நாளில ஒரு சோறு, ஒரு கறி, ஒரு பொரியல் அல்லது சம்பல். மூண்டாவது கறி சனி ஞாயிறுக்கு. இடியப்பம் பிழியிறதும் சனி ஞாயிறுக்கு. உரலோட நிக்கிற நேரத்தில வேற ஒரு வேலையும் செய்ய ஏலாது, புட்டெண்டால் அவியிற பதினஞ்சு நிமிசமும் கை சும்மா. ரெண்டும் ஏலாத நாளைக்குப் பாணும் சம்பலும். அதுக்கு ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம்.

தண்ணித் தாங்கியை இரவு நிரப்புங்கோ. விடிய மோட்டர் போடப் போகேக்க கரண்ட் நிண்டால் வாளியோட கிணத்தடியில பதினஞ்சு நிமிசம் போயிடும்.

சீலை: ஞாயிறு பின்னேரம் அஞ்சு நாளைக்கும் அயன் பண்ணி, சீலை, சட்டை, பாவாடை மூண்டையும் ஒரே ஹாங்கரில தொங்க விடுங்கோ. முதல் நாள் இரவு கொய்யகமும் தோள் மடிப்பும் எடுத்து ஊசி குத்தி வச்சால் விடிய உடுக்க ஆறேழு நிமிசம். இல்லாட்டி இருபது, அதுக்குள்ள ஊசி தேடுறது வேற. 6.40க்குக் குளிச்சு 6.50க்கு உடுங்கோ. உடுத்த பிறகு அடுப்படிக்குப் போகாதேங்கோ. கறி தெறிச்சால் திரும்ப முதல்ல இருந்து.

பிள்ளையின்ர பை, சப்பாத்து, காலுறை, தண்ணிப் போத்தல், உங்கட கைப்பை, ஹெல்மெற், திறப்பு எல்லாம் இரவே வாசல் கதவடியில ஒரு கதிரையில. இன்னொண்டு, கன பேர் விடுறது: "நாளைக்கு ரீச்சர் என்ன கொண்டுவரச் சொன்னவ?" எண்டு பின்னேரம் கடை பூட்ட முந்திக் கேளுங்கோ. விடிய ஏழு மணிக்குத்தான் பிள்ளைக்கு பிறிஸ்டல் போட் ஞாபகம் வரும்.

7 மணிக்குப் பிறகு கண்ணில படுற வேலை ஒண்டையும் தொடாதேங்கோ. முத்தத்தில சருகு கிடந்தால் கிடக்கட்டும், கொடியில உடுப்புக் கிடந்தால் கிடக்கட்டும், பின்னேரம் பாக்கலாம். "இதொண்டை மட்டும் முடிச்சிட்டு" எண்டுறதுதான் ஆக்களைப் பிந்த வைக்கிறது. இதில வீட்டுக்கார ஆம்பிளையள் என்ன செய்யினம் எண்டு நான் கேக்கேல்லை, நீங்கள் கேளுங்கோ.

750காரன்:

பஸ்ஸில வாறவையும் இதை வாசிப்பினம் எண்டபடியால் ஒண்டு. பருத்தித்துறைப் பக்கத்தாலயோ கொடிகாமத்தாலயோ வாறவை "எந்த பஸ் என்னைச் சரியா 8.30க்குக் கொண்டுபோய் விடும்?" எண்டு பாக்கக் கூடாது. அதுக்கு முந்தின பஸ்தான் உங்கட பஸ். பதினஞ்சு நிமிசத்துக்கு ஒண்டு ஓடுது எண்டு வையுங்கோ: ஒரு நிமிசம் பிந்திச் சந்திக்கு வந்தால் பதினஞ்சு நிமிசம் பிந்துறீங்கள். ஸ்கூட்டிக்கு ஒரு நிமிசம் ஒரு நிமிசம்தான், பஸ்ஸுக்கு அப்பிடியில்லை. மினிபஸ் ஆள் சேர்க்க நிண்டு நிண்டு வரும், முன்னால போற பஸ்ஸைப் பிடிக்கோணும் எண்டால் பறக்கும். ரெண்டையும் நம்பித் திட்டம் போடாதேங்கோ. பஸ் நிலையத்தில இருந்து அலுவலகத்துக்கு நடக்கிற நேரத்தையும் ஒரு நாள் போனில பிடிச்சுப் பாருங்கோ. எல்லாரும் அஞ்சு எண்டுவினம், பத்து வரும்.

நித்திரைகொள்ளி:

அலாரம் பிரச்சினை இல்லை என்று மணிக்கூட்டுக்கோபுரம் சொல்வது பாதி சரி. 11.30க்குப் படுத்து 5.00க்கு எழும்பினால் நித்திரை ஐந்தரை மணித்தியாலம். வளர்ந்த ஒருவருக்கு ஏழு மணித்தியாலமாவது வேண்டும். குறைந்த நித்திரையோடு எழும்புகிறவர் நடமாடிக்கொண்டு இருப்பார், ஆனால் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும்போது இழுபடுவார். திறப்பை ஒரு இடத்தில் வைத்துவிட்டு இன்னொரு இடத்தில் தேடுவார். அலாரத்தை அரை மணித்தியாலம் முந்தி வைத்தும் பலன் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

5.15க்கு எழும்ப வேண்டும் என்றால் 10.15க்கு நித்திரை. ஒரே நாளில் 11.30ஐ 10.15 ஆக்கப் பார்த்தால் கட்டிலில் முழித்துக்கொண்டு கிடப்பீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிசம் முன்னுக்கு நகர்த்துங்கள். 75 நிமிசத்துக்கு ஐந்து படி, பதினைந்து நாள். சனி, ஞாயிறு எழும்பும் நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளக் கூடாது. ஞாயிறு எட்டரைக்கு எழும்பினால் அன்றிரவு நித்திரை வராது, திங்கள் பிந்தும். திங்களில் அதிகம் பிந்துகிற ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையைத்தான் திருத்த வேண்டும்.

பின்னேரத் தேத்தண்ணி: உடம்பில் போன கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். வேலை முடிந்து வந்து ஐந்து மணிக்குக் குடிக்கிற சாயத்தில் பாதி பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். மூன்று மணியோடு நிறுத்துங்கள். பின்னேரம் வேண்டுமென்றால் மல்லித் தண்ணி.

எழும்பியவுடன் வெளிச்சம் வேண்டும். உடம்பின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவது காலை வெளிச்சம்தான். எங்கள் பக்கம் ஜூனில் சூரியன் 5.50 அளவிலேயே வந்துவிடும், ஜனவரியில் 6.30 ஆகும். அதனால் மாரியில் எழும்புவது கஷ்டமாக இருப்பதைச் சோம்பல் என்று எடுக்காதீர்கள். அந்த மாதங்களில் அடுப்படி லைற் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். போனை ஹோலில் சார்ஜ் போடுங்கள், அறைக்குள் வேண்டாம்.

இவ்வளவும் செய்து, ஏழு மணித்தியாலம் படுத்தும் பகலில் தூங்கி விழுந்தால், பலத்த குறட்டை இருந்தால், அல்லது எந்நேரமும் களைப்பாக இருந்தால், ஒழுங்கை மாற்றிப் பயனில்லை. இரத்தச்சோகையும் தைரொயிட்டும் பார்க்க ஒரு இரத்தப் பரிசோதனை, குறட்டைக்கு வைத்திய ஆலோசனை.

பனங்கூடல்:

சரி, அலாரத்தை வாபஸ் வாங்கிறன். ஸ்கூட்டிக்குச் சொல்லுறன். பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழ இறங்கினால் அண்டைக்குப் பின்னேரமே அடியுங்கோ. காலமை பெற்றோல் செற்றுக்குள்ள நுழையவே கூடாது. கிழமைக்கு ஒருக்காக் காத்துப் பாருங்கோ, ஞாயிறு நல்லம். செல்ஃப் ரெண்டு மூண்டு தரம் இழுத்தால்தான் பிடிக்குது எண்டால் பற்றரி போகப் போகுது, கார்த்திகை மழைக்கு முந்தி மாத்துங்கோ. ரியூப் இல்லாத ரயர் எண்டால் ஆணி ஏறினாலும் காத்து மெள்ளத்தான் இறங்கும், ரவுண் வரை சில நேரம் இழுக்கலாம். மழைக்கோட்டு எப்பவும் சீற்றுக்குக் கீழ. ஐப்பசியில இருந்து மார்கழி வரை படலை நேரத்தைப் பத்து நிமிசம் முன்னுக்கு வையுங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுத்தி வீதி மறிப்பு, அந்தப் பக்கத்தால குறுக்க வாறவை சுத்திப் போகோணும். சுன்னாகத்தில இருந்து நேர வாறவைக்கு அவ்வளவில்லை, ஆனால் மற்ற வீதியளில நெருக்கம் கூடும்.

வடலிநிழல்:

எல்லாருக்கும் நன்றி. 7.30க்குத் திரும்பி வாறதுதான் பிழை எண்டு இதுவரைக்கும் யோசிக்கவே இல்லை. ரெண்டு கேள்வி. 8 மணிக்கே போய் அரை மணித்தியாலம் என்ன செய்யிறது, அந்த நேரத்தில ரவுணுக்குக் கிட்ட இருக்கிற திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கலாமோ? மற்றது, இதுவரைக்கும் பிந்தினதுக்கு நிர்வாக உத்தியோகத்தரிட்ட என்னெண்டு கதைக்கிறது? குறுகிய லீவு போட்டு மூடலாமோ?

சிவப்புக்கோடு:

சந்தை வேண்டாம். எட்டு மணிக்குச் சந்தைக்குள் நுழைந்தவர் எட்டு இருபத்தைந்துக்கு வெளியே வந்ததாக இல்லை. முந்தி வருகிற ஆட்கள் பிந்துவது பெரும்பாலும் இப்படித்தான்: கையில் நேரம் இருக்கிறது என்று ஒரு வேலையைச் செருகுவார்கள். வண்டியை அலுவலக வளவுக்குள் விடுங்கள், விரலை வையுங்கள், பிறகு சாப்பிடுங்கள். விரலை வைத்துவிட்டுத் திரும்ப வெளியே போவது பிந்துவதை விடப் பெரிய பிரச்சினை; அதை ஒழுக்கக் குற்றமாக எழுதுவார்கள். கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று காவலாளியிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுகிய லீவு மாதத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்படாமல். அதைப் பத்து நிமிசத்தை மூடப் பயன்படுத்தினால் பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கோ கிளினிக்குக்கோ கையில் ஒன்றும் இராது. பிந்திய நிமிசங்களை உங்கள் அலுவலகத்தில் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள், பின்னேரம் இருந்து ஈடுசெய்ய விடுகிறார்களா என்பதை லீவுப் பதிவேடு பார்க்கிற உத்தியோகத்தரிடம் நேரே கேளுங்கள். போன மாதத்து வரவுப் பதிவையும் அதோடு கேட்டு வாங்குங்கள். உங்கள் கொப்பியை விட அது நம்பகமானது.

நிர்வாக உத்தியோகத்தரிடம் அவர் கூப்பிட முந்தி நீங்கள் போங்கள். காரணம் அடுக்க வேண்டாம். "மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவதால் பிந்தியது. திங்களிலிருந்து நேரே வருகிறேன், எட்டு மணி அளவில் நிற்பேன்." இவ்வளவு போதும். இனிமேல் உண்மையாகவே பிந்துகிற நாளில் 8.30க்கு முந்தி எடுங்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று ஒரு நேரம் சொல்லுங்கள். "வந்துகொண்டிருக்கிறன் சேர்" என்பதை எந்த அதிகாரியும் நம்புவதில்லை. 8.50 என்று சொல்லி 8.45க்கு வந்தால் ஒன்றுமில்லை, 8.40 என்று சொல்லி 8.45க்கு வந்தால் இரண்டு தரம் பிந்தியதாகப் படும்.

இன்னொன்று: மெசினின் நேரத்தை உங்கள் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

வடலிநிழல்:

இண்டைக்குப் பாத்தன். மெசின் மூண்டு நிமிசம் முன்னுக்கு ஓடுது. விரலும் ரெண்டு தரம் வச்ச பிறகுதான் எடுத்தது.

சிவப்புக்கோடு:

அப்போ உங்கள் 8.30 உண்மையில் 8.27. நேரத்தைத் திருத்தச் சொல்லி ஒரு வரி எழுதிக் கொடுங்கள், திருத்தும் வரைக்கும் 8.27ஐ வைத்தே கழியுங்கள். விரல் எடுக்காமல் விடுவது அடுப்படி வேலை செய்கிறவர்களுக்கு வழமை; தேங்காய் திருவி, பாத்திரம் தேய்த்து ரேகை மங்கியிருக்கும், மழை நாளில் ஈரமும் சேரும். துடைத்துவிட்டு வையுங்கள். மற்றக் கையில் ஒரு விரலையும் பதியச் சொல்லிக் கேளுங்கள், வலது கைக்காரர் என்றால் இடது மோதிர விரல் நல்லது, அது அவ்வளவு தேயாது.